பழைய ரேடியோவின் ஒடிந்த ஏரியல்: புதிது வாங்கும் முன் அடியில் உள்ள மூட்டு எப்படி என்று பாருங்கள்

அப்பாவின் டிரான்சிஸ்டர் ரேடியோவின் ஏரியல் என் கையில்தான் ஒடிந்தது. ஏரியலை முழுக்க நீட்டி வைத்தபடியே ரேடியோவைத் தூக்கிக்கொண்டு அறை மாறினேன், நுனி கதவு நிலையில் இடித்தது. பெரிய சத்தம் எதுவும் இல்லை. நுனியிலிருந்து மூன்றாவது குழாய், அதன் கணுவுக்குச் சற்று மேலே, ஒரு பக்கமாகச் சப்பி வளைந்து நின்றது. உடனே நிமிர்த்திவிட வேண்டும் என்ற பதற்றத்தில் விரலால் பிடித்து எதிர்ப்பக்கம் வளைத்தேன். அந்த மடிப்புக் கோட்டில் முலாம் வெள்ளையாக வெடித்தது, பிறகு மேலே இருந்த பகுதி அப்படியே கையோடு வந்துவிட்டது. "நுனியப் பிடிச்சு இழுக்காதடா" என்று சின்ன வயதில் அப்பா எத்தனையோ முறை சொன்ன ஏரியல் அது.

அதைச் சரிசெய்ய எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அதில் இரண்டு வாரம் தவறான ஏரியல்களை வாங்கிப் பார்த்ததில் போனது. அந்த இரண்டு வாரம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். ஏரியல் ஒடிந்திருக்கிறது என்பதற்காக ரேடியோ சரியாக எடுக்காததற்கு அதுதான் காரணம் என்று முடிவு கட்ட வேண்டாம். மத்திய அலைக்கு இந்த நீட்டும் ஏரியல் பெரும்பாலான கையடக்க ரேடியோக்களில் வேலையே செய்வதில்லை, உள்ளே கறுப்பாக ஒரு ஃபெரைட் தண்டு, அதன்மேல் சுற்றிய செப்புக் கம்பி, அதுதான் மத்திய அலைக்கான ஏரியல். ரேடியோவையே திருப்பினால் மத்திய அலை நிலையம் கூடிக் குறைவதைப் பார்த்திருப்பீர்கள், அந்தத் தண்டு திரும்புவதால்தான் அப்படி. ஆகவே மத்திய அலை நன்றாகக் கேட்டு, எஃப்எம்மும் சிற்றலையும் மட்டும் மங்கியிருந்தால் ஏரியல் பக்கம் சந்தேகப்படலாம். மூன்றுமே மங்கல் என்றால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது, புது ஏரியல் வாங்கி ஒரு பயனும் இல்லை.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. சுமார் 75 சென்டிமீட்டர் மெல்லிய வயரை எடுத்து, ஒரு முனையில் முதலை கிளிப் மாட்டி, அதை ஒடிந்த ஏரியலில் மிச்சமிருக்கும் அடிக்குழாயில் கவ்வ விடுங்கள். வயரை நேராகத் தொங்கவிட்டோ சுவரில் ஒட்டியோ வைத்துக்கொண்டு எஃப்எம் போடுங்கள். தெளிவாகக் கேட்டால் ரேடியோ நலம், ஏரியல் மட்டும்தான் பிரச்சினை. கேட்கவில்லை என்றால் பின்மூடியைத் திறந்து, ஏரியலுக்கு உள்ளேயிருந்து வரும் வயரின் செப்பு நுனியிலேயே கிளிப்பை மாட்டிப் பாருங்கள். அங்கே கேட்டு, வெளியே கேட்கவில்லை என்றால் ஏரியலின் அடியில் இருக்கும் மூட்டுக்கும் வயருக்கும் நடுவில் தொடர்பு அறுந்திருக்கிறது. பழைய பெட்டிகளில் இது மிகச் சாதாரணம். ஏரியலைச் சுற்றிச் சுற்றித் திருப்பும்போது அடியில் இருக்கும் திருகும் சேர்ந்து திரும்பும், அதன் கீழே மாட்டிய சிறு தகடு திரும்பும், அதில் பற்றவைத்த வயர் முறுக்கிக்கொண்டே வந்து ஒருநாள் அறுந்துவிடும். ஏரியல் பார்க்கப் பளபளவென்று நிற்கும், ஆனால் ரேடியோவுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது.

மூடியைத் திறக்கும் முன் பேட்டரிகளை எடுத்துவிடுங்கள், கிளிப்பை மாட்டிய பிறகு கேட்டுப் பார்க்க மட்டும் திரும்பப் போட்டால் போதும். மின்சாரத்திலும் ஓடும் பெட்டியாக இருந்தால் பிளக்கைப் பிடுங்கிய பிறகே கை வையுங்கள். வால்வு காலத்துக் கையடக்கப் பெட்டிகள் சிலவற்றில் உள்ளே இருக்கும் உலோகச் சட்டம் நேரடியாக மின்னிணைப்போடு தொடர்புள்ளது. ஏரியலை அதிலிருந்து பிரித்து வைப்பது ஒரு சின்னக் கெபாசிட்டர் (மின்தேக்கி) மட்டும்தான், அதற்கும் அறுபது வயதுக்கு மேல் ஆகியிருக்கும். அப்படிப்பட்ட பெட்டியில் அந்தக் கெபாசிட்டரைச் சோதிக்காமல் ஏரியலைத் தொட்டபடி ரேடியோ கேட்பதே ஆபத்து.

சரி, என் கதைக்கு வருகிறேன். வயர் சோதனையில் ரேடியோ அருமையாகப் பாடியது. நிம்மதியாகி, ஒடிந்த ஏரியலின் துண்டுகளை வரிசையாக வைத்து அளந்தேன். முழுக்க நீட்டினால் 78 சென்டிமீட்டர். அதே நீளத்துக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும் ஒன்றைத் தேடி 80 சென்டிமீட்டரில் வாங்கினேன். வந்ததும்தான் தெரிந்தது, என் பழைய ஏரியல் ஆறு அடுக்கு, மடக்கினால் 16 சென்டிமீட்டர், ரேடியோவின் முதுகில் அதற்கென்று ஒரு பள்ளம் இருக்கிறது. புதியது நாலே அடுக்கு, மடக்கினாலும் 22 சென்டிமீட்டர். பள்ளத்தில் படுக்காமல் பெட்டியின் ஓரத்தைத் தாண்டிக் குச்சி போல நீட்டிக்கொண்டு நின்றது. நீட்டிய நீளம் ஐந்து பத்து சென்டிமீட்டர் முன்னே பின்னே இருந்தாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது, மடக்கிய நீளம்தான் கறாராகப் பொருந்த வேண்டும் என்பதுதான் நான் முதலில் கற்றது.

ஏன் நீட்டிய நீளம் அவ்வளவு கறார் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். எஃப்எம் அலைவரிசையில் 100 மெகாஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 3 மீட்டர், அதில் கால்பங்கு 75 சென்டிமீட்டர். இந்த ஏரியல்கள் பெரும்பாலும் முக்கால் மீட்டரை ஒட்டியே இருப்பது அதனால்தான். 88க்குப் போனால் கால்பங்கு 85 சென்டிமீட்டர், 108க்குப் போனால் 69. ஆக ஒரே ஏரியல் எல்லா நிலையத்துக்கும் சரியான கால்பங்காக எப்படியும் இருக்க முடியாது, சற்றுக் கூடக் குறைய இருந்துதான் வேலை செய்கிறது. சிற்றலையில் கதையே வேறு. 6 மெகாஹெர்ட்ஸ் நிலையத்துக்குக் கால்பங்கு என்பதே பன்னிரண்டரை மீட்டர். அங்கே நம் ஏரியல் எப்படிப் பார்த்தாலும் குட்டைதான், கூடுதலாகப் பத்து சென்டிமீட்டர் குறைந்தால் பெரிதாகக் காதில் தெரியாது. நுனி அடுக்கு ஒன்று தொலைந்துவிட்டது, மற்றதெல்லாம் உறுதியாக இருக்கிறது என்றால் நான் அந்த ஏரியலை மாற்றவே மாட்டேன். நுனியில் மட்டும் ஒரு குமிழ் வைத்துவிடுவேன். குமிழ் இல்லாவிட்டால் மடக்கும்போது உள்குழாய் முழுக்க உள்ளே விழுந்து, பிறகு வெளியே இழுக்கப் பிடியே இருக்காது. தவிர, ஒடிந்த குழாயின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும், ரேடியோ மேல் குனிகிறவர்களின் கண்ணுக்கு நேரே அது நிற்கிறது. விளிம்பை அரத்தால் மழுக்கிவிட்டு ஒரு பித்தளை மணியையோ சின்ன மூடி நட்டையோ அதில் பற்றவைத்துவிட்டால் போதும்.

இரண்டாவது முறை மடக்கிய நீளத்தைச் சரியாகப் பார்த்து ஆறு அடுக்கில் வாங்கினேன். பள்ளத்தில் அளவெடுத்தது போல உட்கார்ந்தது. மாட்டப் போனேன், அடி சேரவில்லை.

இந்த இடத்தில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். ஏரியல் என்றால் நம் கண் குழாயைத்தான் பார்க்கிறது, ஆனால் ரேடியோவுக்கு ரேடியோ மாறுவது அடியில் இருக்கும் அந்தச் சின்ன மூட்டுதான். சிலவற்றில் தட்டையான காது, அதன் குறுக்கே திருகு. சிலவற்றில் அடியில் நேராக மரையுள்ள துளை, பெட்டிக்குள்ளிருந்து திருகு வந்து அதில் இறங்கும். சிலவற்றில் மரையுள்ள தண்டே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மடக்கும் மூட்டு மட்டும் உள்ளது, சுழலும் மூட்டும் சேர்ந்தது, உடலுக்குள்ளேயே நேராக இறங்கி மறைவது என்று எத்தனையோ வகை. மரை அளவோ இன்னும் குழப்பம். இப்போது கிடைப்பவை பெரும்பாலும் 3 மில்லி அல்லது 2.5 மில்லி. பழைய ஜப்பானியப் பெட்டிகளில் 2.6 மில்லி திருகு நிறைய உண்டு, கண்ணால் பார்த்தால் 2.5 மாதிரியே இருக்கும். பழைய பிரிட்டிஷ் பெட்டிகளில் இன்றைய மில்லி மரைகளோடு சேராத பிஏ (பிரிட்டிஷ் அசோசியேஷன்) மரை வரும். வெர்னியர் காலிப்பரால் திருகின் வெளிவிட்டத்தை அளந்து எழுதிக்கொண்டு பிறகு தேடுங்கள், கண்மதிப்பு உதவாது.

என்னுடையது 2.6. வந்த ஏரியலின் அடியில் இருந்த துளை 3 மில்லி மரை. பழைய திருகு அதில் பிடிக்காமல் வழவழவென்று சுற்றியது. 3 மில்லி திருகு போடலாம் என்றால் அது பெட்டியின் பிளாஸ்டிக் துளைக்குள் நுழையவில்லை. துளையைக் கொஞ்சம் பெரிதாக்கினால் சரியாகிவிடும் என்று டிரில் பிட்டைக் கையால் பிடித்துத் திருக ஆரம்பித்தேன். அந்த வயது பிளாஸ்டிக் மொறமொறவென்று ஆகிவிட்டிருக்கும். இரண்டாவது சுற்றிலேயே துளையின் ஓரத்திலிருந்து மயிரிழை போல ஒரு விரிசல் கிளம்பி அரை சென்டிமீட்டர் ஓடியது. கையை எடுத்துவிட்டேன். ஐம்பது வருடமாக ஒரு கீறல் இல்லாமல் இருந்த பெட்டி. அன்று அதற்கு மேல் அதைத் தொட மனம் வரவில்லை.

மறுநாள் விரிசலின் உள்பக்கம் இரண்டு கலவை எபாக்ஸி பசையை நன்றாகப் பூசி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, துளையைச் சுற்றி அகலமான வாஷர் ஒன்று கொடுத்து அழுத்தம் ஒரே இடத்தில் விழாமல் பார்த்துக்கொண்டேன். ரேடியோவின் உடலை ஏரியலுக்காக மாற்றவே கூடாது, ஏரியலைத்தான் உடலுக்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. எப்படி மாற்றுவது? பழைய மூட்டு நல்ல நிலையில் இருக்கிறது, அது இந்தப் பெட்டிக்கென்றே செய்தது. புதிய குழாய்கள் நல்ல நிலையில் இருக்கின்றன. பழைய மூட்டில் புதிய குழாய்களை ஏற்றிவிட்டால் என்ன?

இதற்கு ஏரியல் எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு குழாயின் மேல்விளிம்பும் உள்நோக்கிச் சற்றுச் சுருட்டி விடப்பட்டிருக்கும். அதற்குள் இருக்கும் குழாயின் அடி சற்று விரிந்திருக்கும், அதைச் சுற்றி விரல்நகத்தில் பாதிகூட இல்லாத ஒரு சின்ன வெண்கலப் பட்டை சுருண்டு உட்கார்ந்திருக்கும். இழுத்த இடத்தில் குழாய் நிற்பதும், ஒரு குழாயிலிருந்து அடுத்ததற்கு மின்தொடர்பு கிடைப்பதும் அந்தப் பட்டையின் அழுத்தத்தால்தான். விரிந்த அடி சுருட்டிய விளிம்பைத் தாண்டாது, அதனால் மேல்பக்கமாக எதையும் உருவ முடியாது. பிரிப்பதானால் அடிவழியாகத்தான் பிரிக்க வேண்டும். அடியிலோ பெரிய குழாய் மூட்டின் கட்டைமேல் செருகப்பட்டு, பக்கவாட்டில் இரண்டு மூன்று இடத்தில் குத்தி நசுக்கப்பட்டிருக்கும். அந்தக் குழிகள்தான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன.

பழைய ஏரியலின் அந்தக் குழிகளை 1 மில்லி பிட்டால் மெதுவாகத் துளைத்து எடுத்ததும் மூட்டு கையோடு வந்துவிட்டது. கீழே வெள்ளைத் துணி விரித்துத்தான் இதைச் செய்தேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள், ஏனென்றால் குழாய்கள் ஒவ்வொன்றாகச் சரிந்து வரும்போது அந்த வெண்கலப் பட்டைகளும் உதிரும், தரையில் விழுந்தால் கண்ணுக்கே அகப்படாது. அப்புறம் புதிய ஏரியலிலும் அதேபோல அடியைக் கழற்றினேன். இங்கே மட்டும் உள்குழாய்கள் நழுவாமல் இருக்க முழுக்க மடக்கி, நுனியைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு அடிக்குழாயும் வெளியே 7 மில்லி. உள்விட்டம் மட்டும் புதியதில் கொஞ்சம் அதிகம், அதன் சுவர் மெல்லியது. பழைய கட்டைமேல் ஏற்றினால் லேசாக ஆடியது. மெல்லிய செப்புத் தகட்டை ஒரு சுற்று சுற்றிச் செருகினேன், இறுக்கமாக உட்கார்ந்தது. பற்றவைக்கலாமா என்று யோசித்து வேண்டாம் என்று விட்டேன். குரோமிய முலாமில் ஈயம் ஒட்டாது, உப்புத்தாளால் பித்தளை தெரியும்வரை தேய்க்க வேண்டும், அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் பட்டைகளின் விறைப்பும் போய்விடலாம், உருகிய ஈயம் உள்குழாய்க்குள் வழிந்து எல்லாவற்றையும் ஒட்டிவிடலாம். ஆகவே தொழிற்சாலையில் செய்தது போலவே செய்தேன். ஒரு மரத்துண்டில் வி வடிவப் பள்ளம் வெட்டி, அதில் குழாயைப் படுக்கவைத்து, முனை மழுங்கிய ஆணியால் மூன்று இடத்தில் சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு தட்டு. கட்டை உள்ளே இருக்கும் பகுதிக்குள்தான் தட்ட வேண்டும். ஒரு மில்லி மேலே போனாலும் வெறுங்குழாய் சப்பி, உள்ளே இருப்பது மடங்காது.

மூட்டில் இன்னொரு வேலை பாக்கி இருந்தது. ஏரியலைச் சாய்த்து நிறுத்தினால் தானாகவே சரிந்தது. திருகு வைத்த மூட்டானால் இறுக்கினாலே போதும். என்னுடையது ரிவெட். ரிவெட்டின் தலையை இரும்புப் பரப்பில் வைத்து மறுபக்கம் இரண்டு தட்டு தட்டியதும் இறுக்கம் வந்துவிட்டது. அதிகம் தட்டினால் மூட்டு அசையவே அசையாது, பிறகு அதை அசைக்கப் போய்க் குழாயை ஒடிப்பீர்கள்.

அடியில் தகடும் வயரும். பழைய வயர் ஒற்றைக் கம்பி, வளைந்து வளைந்து வெளிறிப் போயிருந்தது. அதை எடுத்துவிட்டு, பல மெல்லிய இழைகள் உள்ள வயரை இரண்டு சென்டிமீட்டர் தொய்வு விட்டுப் பற்றவைத்தேன். தகடு திரும்பாமல் இருக்கப் பல்லுள்ள வாஷர் ஒன்று சேர்த்தேன். உடல் உலோகமாக உள்ள பெட்டியானால் மூட்டுக்கும் உடலுக்கும் நடுவில் பிளாஸ்டிக் வாஷர்கள் இருக்கும், கழற்றும்போது அவற்றின் வரிசையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று இடம் மாறினாலும் ஏரியல் உடலோடு சேர்ந்து எஃப்எம் அப்படியே அடங்கிப்போகும்.

மல்டிமீட்டரால் இரண்டு சோதனை. நுனிக் குமிழிலிருந்து அடித்தகடு வரை ஓம் அளவில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அடுக்கையும் திருகிப் பாருங்கள், ஒரு ஓமுக்குள் ஆடாமல் நிற்க வேண்டும். எண் குதித்தால் அந்தக் கணுவில் அழுக்கு இருக்கிறது. ஐசோபிரோப்பில் ஆல்கஹால் தோய்த்த துணியால் குழாயைத் துடைத்து, பத்து தடவை இழுத்து மடக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். எண்ணெய் போடாதீர்கள், வழவழப்பாக இருக்கிறது என்று முதல் நாள் சந்தோஷமாக இருக்கும், பிறகு தூசியைப் பிடித்துப் பசையாகி அதே கணுவில் கரகரப்பைக் கொண்டுவரும். இரண்டாவது சோதனை, ஏரியலுக்கும் பேட்டரியின் மைனஸ் முனைக்கும் நடுவே, ஏரியல் எங்கும் தவறாகத் தொட்டுக்கொண்டிருக்கவில்லையே என்று பார்க்க. இதில் மீட்டர் தொடர்பு காட்டினால் உடனே பயப்பட வேண்டாம். உள்ளே ஏரியல் வயர் ஒரு காயில் (கம்பிச் சுருள்) வழியாகவே எர்த்துக்கு, அதாவது பெட்டியின் பொது முனைக்கு, போகும் பெட்டிகள் உண்டு, அது சரியான அமைப்புதான். வயரைக் கழற்றிவிட்டு ஏரியலை மட்டும் அளந்தால் உண்மை தெரிந்துவிடும்.

உள்ளே இருக்கும் காயில்களின் நடுவில் திருகு போல இருக்கும் மையத்தைத் திருகிப் பார்க்கும் ஆசை இந்தக் கட்டத்தில் வரும். திருகாதீர்கள். ஏரியலின் நீளம் மாறினால் சிற்றலையின் ஏரியல் டிரிம்மரில் (நுணுக்கமாகச் சரிசெய்யும் திருகில்) மிகச் சிறிய மாற்றம் தேவைப்படலாம் என்பது உண்மைதான், ஆனால் பழைய நீளத்தை ஒட்டிய ஏரியல் போட்டிருந்தால் அதற்கு அவசியமே வராது. மெழுகு வைத்து மூடியிருக்கும் மையம் ஒன்றைத் திருப்பிவிட்டால், பழைய நிலைக்குக் கொண்டுவரக் கருவிகள் வேண்டும்.

வளைந்த குழாய் இன்னும் ஒடியாமல் இருந்தால்? அதற்கும் ஒரு வழி உண்டு, எனக்குத்தான் பொறுமை இருக்கவில்லை. பித்தளை ஒருமுறை வளைந்தாலே அந்த இடம் இறுகி மொறமொறப்பாகிவிடும், ஒரு தடவை நிமிரும், இரண்டாம் தடவை ஒடியும். அதனால் விரலால் நிமிர்த்தக் கூடாது. உள்குழாய்களை அடிவழியாக உருவிவிட்டு, குழாய்க்குள் சரியாக நுழையும் டிரில் பிட்டின் வழவழப்பான பின்பகுதியை விட்டு, இரண்டு மரப்பலகைக்கு நடுவில் வைத்துச் சப்பாத்திக் கட்டை போல உருட்டினால் சப்பிய இடம் மெல்ல வட்டத்துக்கு வரும். முழு வட்டம் வராது, மடங்கி நீளும் அளவுக்கு வந்தால் போதும் என்று விட்டுவிடுங்கள். முழுக்க ஒடிந்த குழாயை உள்ளே கம்பி விட்டுப் பற்றவைப்பதும் நடக்கும், ஆனால் நடு அடுக்கில் அப்படிச் செய்தால் உள்ளே கம்பி அடைத்துக்கொண்டு அதற்கு மேலிருக்கும் குழாய்கள் மடங்காது. நுனி அடுக்குக்கு மட்டும் அது நல்ல வைத்தியம்.

எல்லாம் மாட்டிப் பேட்டரி போட்டு, எஃப்எம்முக்கு மாற்றினேன். ஏரியல் மடங்கிய நிலையில் இரைச்சலுக்கு நடுவே குரல் தேய்ந்து கேட்டது. ஒவ்வொரு அடுக்காக, அந்தந்தக் கணுவுக்குப் பக்கத்தில் பிடித்து இழுத்தேன். நாலாவது அடுக்கில் இரைச்சல் விலகி, ஆறாவதில் அறிவிப்பாளர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. சிற்றலைக்குப் போனால் அதே ஏரியலில் மூன்று மீட்டர் வயரைக் கிளிப்பால் மாட்டிக்கொள்கிறேன், தொலைதூர நிலையங்கள் நன்றாக எழும்புகின்றன. அதைவிட நீளமாக மாட்டினால் சின்னப் பெட்டி திணறி ஒரு நிலையத்தின் மேல் இன்னொன்று ஏறி வரும். மழை இடி என்றால் அந்த வயரை முதலில் கழற்றிவிடுவேன்.

அப்பா வந்து பார்த்தார். மடக்கும்போது நுனிக் குமிழில் உள்ளங்கையை வைத்து அழுத்தாமல், தடித்த அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடித்து இறக்கினார். மூட்டைத் திருப்பிப் பள்ளத்தில் படுக்கவைத்தார். சரியாக உட்கார்ந்தது. "மூட்டு பழசுதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பழைய ஏரியலின் மிச்சக் குழாய்களையும் வெண்கலப் பட்டைகளையும் ஒரு சின்ன டப்பாவில் போட்டு, 2.6 மில்லி என்று மூடிமேல் எழுதி, ரேடியோவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.